சிப் சொல்வதுதான் கணக்கு

லெட்ஜரில் ஆயிரம் ரூபாய், கல்லாப்பெட்டியில் தொள்ளாயிரம். எதை நம்புவது? டிரைவர் எழுதுகிறவர்களுக்கும் இதே தலைவலிதான்.

எந்த ரெஜிஸ்டரில் எந்த பிட்டை மாற்றினால் சிப் என்ன செய்யும் என்பதை டேட்டாஷீட் சொல்ல வேண்டும். சில சமயம் தப்பாகச் சொல்லும். சில சமயம் டேட்டாஷீட்டே கிடைக்காது!

பிராட்காம் வைஃபை சிப்புகள் கதை அதுதான். ஒரு குழு கம்பெனியின் டிரைவரை அலசி, சிப் எப்படி வேலை செய்கிறது என்று குறிப்பு எழுதியது. இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் படித்து டிரைவர் எழுதியது. காப்பி அடித்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! 2006-ல் அந்த டிரைவர் லினக்ஸ் 2.6.17-ல் சேர்ந்தது. கம்பெனி தானாக ஒரு திறந்த டிரைவர் வெளியிட்டது 2010-ல்தான். நடுவில் எத்தனையோ லேப்டாப்களில் வைஃபை வேலை செய்தது இவர்கள் புண்ணியத்தில்.

கீழ்க்கட்டளையிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஐ.ஐ.டி. மெட்ராஸில், இன்னொரு வழி பிறந்தது. அங்கே உருவான சக்தி ப்ராசஸர் 2018-ல் சிப்பாக வந்து லினக்ஸை ஓட்டியது. அதன் டிசைன் மூலநிரலே திறந்திருக்கிறது. கையேட்டில் சந்தேகமா? மூலத்தையே பார்க்கலாம். சிப்பைச் சோதிக்கும் வேலை அப்போதும் இருக்கும். ஆனால் இருட்டில் தடவ வேண்டியதில்லை.

கணக்கு டேலி ஆகாதபோது வவுச்சரைக் காட்டுகிற கடைக்காரரைத்தானே நம்புவோம்?