முழுத் திருப்தி

ஜெர்மன் மொழியில் நான் முதலில் கற்றுக்கொண்டது வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. 'லைடர்' என்ற சொல். 'வருத்தத்துடன்' என்று வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பித்த கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தால் முழுக்கப் படிக்க மாட்டேன். அந்த ஒரு சொல் எங்கே இருக்கிறது என்று கண்ணை ஓட்டுவேன். இருந்தால் மூடி வைத்துவிட்டு மகளுக்கு இட்லி ஊட்டப் போய்விடுவேன். ஒரு நோட்டில் கணக்கு வைத்திருந்தேன். 63 லைடர்.

ஸ்டுட்கார்ட்டுக்கு நான் வந்தது மனைவியின் வேலையால். அவளுக்கு மென்பொருள் கம்பெனியில் வேலை, கையில் ப்ளூ கார்டு. அவள் கணவன் என்ற வகையில் எனக்கும் ஓர் அட்டை தந்தார்கள். எந்த வேலையும் செய்யலாம் என்று அதில் அச்சடித்திருந்தது. அனுமதி வந்த வேகத்தில் வேலை வரவில்லை.

கோவையில் 11 வருஷம் பம்பு கம்பெனியில் டிசைன் பார்த்தவன் நான். பீளமேட்டு டீக்கடையில் கம்பெனி பெயரைச் சொன்னால் போதும், நான் யார், என்ன படித்திருப்பேன், எவ்வளவு சம்பளம் வாங்குவேன் என்பது வரை எதிரில் நிற்பவர் மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவார். அங்கே என்னைத் தூக்கிப் பார்க்காமலே எடை சொல்ல ஆள் இருந்தார்கள். இங்கே அந்தத் தராசே இல்லை.

இத்தனைக்கும் ஆள் பஞ்சம் என்று தினமும் செய்தி வருகிறது. 2000ஆம் ஆண்டில் கணினி ஆட்களுக்கு 'கிரீன் கார்டு' தரப்போகிறோம் என்று அரசு சொன்னபோது, 'இந்தியருக்குப் பதில் பிள்ளைகள்' என்ற கோஷம் ஒரு மாநிலத் தேர்தலில் அடிபட்டது. ஜெர்மனில் அது எதுகையோடு வரும். 2024இல் அதே நாடு, இந்தியத் திறனாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 வரை உயர்த்துகிறோம் என்று அறிவித்தது. அரசு கூப்பிடுவது வேறு, கம்பெனி கூப்பிடுவது வேறு.

காகிதச் சடங்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் பட்டம் செல்லுமா என்று பான் நகரத்தில் ஓர் அலுவலகம் பார்த்துச் சொல்லும். தன்விவரத்தில் போட்டோ கட்டாயமில்லை, ஆனால் பலர் ஒட்டுகிறார்கள். நானும் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சிரிக்காமல் சிரித்துவிட்டு வந்தேன். கடைசியில் ஊர், தேதி போட்டுக் கையெழுத்து. நடுவில் ஆறு மாதம் சும்மா இருந்திருந்தால் அதற்கும் காரணம் சொல்ல வேண்டும். இதெல்லாம் பெரிய விஷயமில்லை. என் காலை வாரியது வேறு.

கீழ்வீட்டில் ஒரு பாட்டி. ஒரு தொழிற்சாலையின் ஆள்சேர்ப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒருநாள் என் கோவை முதலாளி கொடுத்த அனுபவச் சான்றிதழை வாங்கிப் படித்தார். மூன்றே வரி. இத்தனை வருஷம் வேலை பார்த்தார், வேலை எங்களுக்குத் திருப்தியாக இருந்தது, நடத்தை நன்று. பாட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கள் முதலாளிக்கு உங்கள் மேல் என்ன கோபம்?"

பிறகுதான் விளங்கியது. வேலையை விட்டுப் போகிறவருக்கு முதலாளி சான்றிதழ் தரவேண்டும் என்பது இங்கே சட்டம். அது உண்மையாகவும் இருக்க வேண்டும், போகிறவர் பிழைப்பைக் கெடுக்காமல் இதமாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் எப்படி எழுதுவது? சங்கேதம் பிறந்துவிட்டது. 'திருப்தி' என்று மொட்டையாக எழுதினால் நாலாம் தரம். இந்த ஊர்ப் பள்ளிக் கணக்கில் தட்டுத் தடுமாறிப் பாஸ். 'முழுத் திருப்தி' என்றால் மூன்று. 'எப்போதும் முழுத் திருப்தி' என்றால் இரண்டு. முழுதினும் முழுதாக எப்போதும் திருப்தி என்று இலக்கணம் தாங்காத ஒரு சொல்லைப் போட்டால்தான் முதல் தரம். 'எல்லோருடனும் கலகலப்பாகப் பழகுவார்' என்று இருந்தால் ஆள் குடிப்பார் என்று சந்தேகப்படுவார்கள். இப்படி மறைபொருள் வைக்கக் கூடாது என்று தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவே சொல்கிறது. யார் கேட்கிறார்கள்? மூன்றாம் தரம்தான் சராசரி, அதற்கு மேல் வேண்டுமென்றால் தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2014இல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது.

முதலில் எரிச்சலாக வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? 'பரவாயில்லீங்க' என்றால் பிரமாதம் என்று அர்த்தம். மாப்பிள்ளை பற்றி விசாரிக்கப் போன இடத்தில் 'பையன் நல்ல பையன்தான்...' என்று அந்தத் 'தானை' இழுத்தால், காப்பியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவோம்.

முதலாளிக்கு போன் போட்டேன். எழுபதைத் தாண்டியவர்.

"திருப்தின்னு எழுதியிருக்கறனல்லங்க தம்பி? அதுக்கு மேல என்னங்க வேணும்?"

"எப்பவும் முழுத் திருப்தின்னு போடோணுமாமுங்க சார்."

"எப்பவுமா? 300 இம்பெல்லர் திரும்பி வந்துச்சே, அன்னைக்கும் நான் திருப்தியாவா இருந்தேன்? பொய் எழுத மாட்டனுங்க."

இருந்தாலும் பத்து நாளில் புதுச் சான்றிதழ் வந்தது. பழைய மூன்று வரி அப்படியே இருந்தது. கீழே ஒன்று கூடியிருந்தது: 'பட்டறைச் சாவியை இவரிடம் கொடுத்துவிட்டு நான் இரண்டு முறை பழனிக்குப் பாதயாத்திரை போய்வந்திருக்கிறேன்.'

அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு, இது பழமொழியா, நிஜச் சாவியா என்று கேட்டார். நிஜச் சாவி என்றேன்.

64ஆவது இடம் விளம்பரத்தில் வந்ததல்ல. சிபாரிசுக்கு இந்த ஊர்க்காரர்கள் 'வைட்டமின் பி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'தொடர்புகள்' என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. மகளின் மழலையர் பள்ளி வாசலில் பழக்கமான இன்னொரு தகப்பன் என் காகிதங்களைத் தன் கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்தார். உல்ம் போகும் ரயில் பாதையில் ஒரு சிற்றூர், தண்ணீர்ப் பம்பு செய்கிறவர்கள். நேர்காணலில் தொழிற்சாலைத் தலைவர் என் பட்டத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. சான்றிதழின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"பழனி எத்தனை கிலோமீட்டர்?"

"நூறுக்கு மேல் இருக்கும்."

"நடந்தா? எத்தனை நாள்?"

"நாலு நாள். திரும்பி வருவது பஸ்ஸில்."

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்த இம்பெல்லர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. நானே சொன்னேன். வார்ப்பில் எங்கே காற்றுப்புழை விழுந்தது, பேட்டர்னில் என்ன மாற்றினோம் என்று தாளில் வரைந்து காட்டினேன். ஜெர்மன் போதாத இடத்தில் பென்சில் பேசியது.

சேர்ந்த அன்றே முதலாளிக்கு போன் செய்தேன்.

"அங்க சாவி கொடுத்துட்டாங்களா தம்பி?"

"இங்கே சாவியே இல்லீங்க சார். ஆளுக்கு ஒரு அட்டை. காட்டினாக் கதவு திறந்துக்கும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்புறம் ஆரை நம்பறதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"