சிலை மனிதனுக்குச் சம்பளம் உண்டு

மீஞ்சூரிலிருந்து கடல் பத்து கிலோமீட்டர்தான். கிழக்கே போய்க் கொசஸ்தலை ஆற்றைத் தாண்டினால் காட்டுப்பள்ளி. வடக்கே பழவேற்காடு. தெற்கே எண்ணூர். ஆனால் என் சிறுவயதில் எங்கள் வீட்டில் “கடலுக்குப் போறோம்” என்று யாராவது சொன்னால் அது இந்தக் கடல் இல்லை. 1994இல் அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்துக் கடல் வேலைக்குப் போகிற இடம், மீன் பிடிக்கிற இடம், சாம்பல் பறக்கிற இடம். வேடிக்கை பார்க்கிற கடல் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில் இருந்தது. அதற்கு டிக்கெட் வாங்க வேண்டும். பெயர் வி.ஜி.பி. கோல்டன் பீச்.

1996 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே போனோம். அப்பா, அம்மா, நான், தம்பி, பாட்டி, அத்தை, பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய இரண்டு பையன்கள். பத்துப் பேர். எனக்குப் பதின்மூன்று வயது.

அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு ஆரம்பித்தது. பத்துப் பேருக்குப் புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். பாட்டிக்குத் தனியாகக் காரமில்லாமல் இட்லி. வாழையிலை, தண்ணீர் கேன், பையன்களுக்கு மாற்றுத் துணி, துண்டு, வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம். எல்லாவற்றையும் இரண்டு ஒயர்கூடையில் அடுக்கி ஆளுக்கொன்றாக அம்மாவும் பெரியம்மாவும் தூக்கிக்கொண்டார்கள். மின்சார ரயிலில் சென்னை, அங்கிருந்து பஸ்ஸில் திருவான்மியூர், பிறகு இன்னொரு பஸ். இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஆண்கள் “அப்பாடா, லீவு” என்றார்கள். அம்மாவுக்கு அது அடுப்பில்லாத சமையலறை, அவ்வளவுதான்.

ஆனாலும் அந்த நுழைவாயிலைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது இன்றும் நினைவிருக்கிறது. “இந்தத் தூணு... இந்தத் தூணுகிட்டதான்டி ஆடுவாங்க!” என்றாள். வெள்ளிக்கிழமை இரவு ‘ஒளியும் ஒலியும்’ பார்த்தவர்களுக்கு அந்த இடம் போகாமலே பழக்கம். ஜெமினி, வாஹினி, ஏவி.எம். என்று ஸ்டூடியோ சுவர்களுக்குள் இருந்த தமிழ் சினிமா எழுபதுகளில் வெளியே வந்தது. ‘16 வயதினிலே’ 1977இல் கிராமத்துக்குப் போனதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். வெளியூர் போக நேரமும் பணமும் இல்லாத படங்களுக்கு, கோடம்பாக்கத்திலிருந்து காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பிவிடக்கூடிய ஒரு கடற்கரை வேண்டியிருந்தது. கோல்டன் பீச் அப்படி எத்தனையோ பாட்டுகளுக்கு இடம் கொடுத்தது. தூண், மண்டபம், சிலை, பின்னால் அலை. கேமரா வந்தால் அது செட்டு. கேமரா போய்விட்டால் குடும்பங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வரலாம்.

அதை உருவாக்கிய வி.ஜி. பன்னீர்தாஸ், தவணை முறையில் வீட்டுச் சாமான்கள் விற்று வளர்ந்தவர். ரேடியோ, ஃபேன், கடிகாரம் எல்லாம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வாங்கலாம் என்ற பழக்கத்தை நடுத்தர வீடுகளுக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர். எங்கள் வீட்டிலும் பல பொருள்கள் தவணையில்தான் வந்தன. எந்தக் கடையானாலும் அட்டையில் அப்பா பெயர் இருக்கும். பணம் அம்மா ஜாக்கெட் தைத்த காசாக இருக்கும்.

சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் அலைக்குப் போனோம். எல்லோரும் என்றால், ஆண்களும் பையன்களும். அம்மாவும் பெரியம்மாவும் பாட்டியும் கூடை, செருப்பு, பர்ஸ் ஆகியவற்றின் நடுவே மணலில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தேன். “நனைஞ்சா ஒட்டிக்கும். எல்லாரும் பாக்குறாங்க. உக்காரு” என்றார் பெரியம்மா. அந்த மார்ச்சில்தான் எனக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்திருந்தது. போன வருடம் எலியட்ஸ் பீச்சில் அலையில் புரண்டவள் நான். இந்த வருடம் செருப்புக்குக் காவல்.

இதே மணலில் எடுத்த பாட்டுகளை நினைத்துப் பாருங்கள். கதாநாயகன் பேண்ட், சட்டை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு உலர்ந்து நிற்பான். அவள் மட்டும் நனைவாள். அதை நம் குடும்பங்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும். அதே குடும்பத்துப் பெண் அதே கடலில் கணுக்கால் நனைத்தால் மானம் போய்விடும்.

பிறகு சிலை மனிதனிடம் போனோம். கோல்டன் பீச் போன யாரும் அவரை மறந்திருக்க முடியாது. தலைப்பாகை, பெரிய மீசை, ராஜா காலத்து உடை. லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனை வாசல் காவலர்களைப் போல அசையாமல், சிரிக்காமல், மணிக்கணக்கில் நிற்பார். சிரிக்க வைத்தால் பரிசு என்பார்கள். தம்பியும் பெரியப்பா பையன்களும் குரங்குச் சேட்டை எல்லாம் செய்து பார்த்தார்கள். ஒருவர் அவர் முகத்துக்கு நேராகத் தும்மினார். ஒருவர் அவர் மனைவியைப் பற்றி ஏதோ சொன்னார். அவர் அசையவில்லை. கூட்டம் கைதட்டியது. “என்னா கட்டுப்பாடு பாரு! யோகி மாதிரி” என்றார் பெரியப்பா.

அப்போது அத்தை சிரித்துவிட்டாள். தம்பி செய்த சேட்டையைப் பார்த்து, வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அத்தைக்கு இருபத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. பெரியப்பா திரும்பிப் பார்த்தார். “பொம்பளையா லட்சணமா இரு. என்னா இளிப்பு நாலு பேரு எதிர?” அத்தையின் சிரிப்பு பாதியில் நின்றது. கூட்டத்துக்கு நடுவே இப்போது இரண்டு பேர் சிரிக்காமல் நின்றார்கள். ஒருவருக்குத்தான் கைதட்டல்.

அம்மா சிலை மனிதனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் காதருகே குனிந்து, “அவனுக்குச் சம்பளம் உண்டுடி” என்றாள். எனக்குப் புரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் பக்கமாகத் தள்ளப்பட்டேன். பின்னால் ஒரு கை வந்தது. முதலில் கூட்டம் என்று நினைத்தேன். பிறகு கூட்டமில்லை என்று தெரிந்துவிட்டது. எனக்குச் சத்தம் வரவில்லை. கை கால் எதுவும் நகரவில்லை. அப்படியே நின்றேன். எத்தனை நிறுத்தம் போனது என்று தெரியாது. நிமிர்ந்தபோது அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்துவிட்டாள் என்று அந்தக் கண்ணிலேயே தெரிந்தது. கூடையோடு இடித்துக்கொண்டு வந்து எனக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் நின்றாள். கூடையை அவன் மேல் படும்படி வைத்துக்கொண்டாள். எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அப்படி ஒரு பயணம் போகவில்லை. கேட்டால் அம்மா, “அலைச்சல், வேணாம்” என்பாள். என்னைப் பற்றி வெட்கப்படுகிறாள் என்றே நான் நினைத்தேன். நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன், பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்ததுதான் காரணம் என்று பதின்மூன்று வயதில் ஒரு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத் திருத்த யாரும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, 1998 ஜூலையில், எத்திராஜ் மகளிர் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆண்கள் கும்பல் ஒன்றின் சீண்டலில் விழுந்து அடிபட்டு இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் பொது இடங்களில் பெண்களைச் சீண்டுவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கு முதலில் வைத்த பெயர் ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டம். டீசிங் என்றால் விளையாட்டாகக் கேலி செய்வது. ஓர் உயிர் போன பிறகும் அதற்குப் பெயர் விளையாட்டு. 2002இல்தான் ‘பெண்கள் மீதான துன்புறுத்தல்’ என்று மாற்றினார்கள். நாளிதழில் அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் எனக்கு நடந்ததற்கு ஒரு சொல் இருக்கிறது, அது என் குற்றமில்லை என்று தோன்றியது. ஆனால் அம்மாவிடம் கேட்கும் தைரியம் வரவில்லை.

2023 கோடை விடுமுறையில் என் மகள் எங்கேயோ ரீல்ஸ் பார்த்துவிட்டு, “அம்மம்மா, நீங்க ஸ்டாச்சூ மேனைப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டாள். அப்பா போய் மூன்று வருடமாகியிருந்தது. அம்மா எல்லோரும் ஆச்சரியப்படும்படி, “வா, போலாம்” என்றாள். அத்தையும் கிளம்பினாள். நான்கு பெண்கள். சாப்பாடு கட்டவில்லை. ஒரே ஒரு கைப்பை. டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாத டிக்கெட்டை வாங்கிக்கொண்டு அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தோட்டமும் ராட்டினங்களும் மாறியிருந்தன. பக்கத்தில் கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நடந்து மீன் பார்க்கும் காட்சியகம் வந்திருந்தது. சிலை மனிதர் இருந்தார். மகள் முகத்தைக் கோணிக் காட்டிவிட்டு, ஐந்தாவது நிமிடத்தில் சலித்துப்போய், “பாவம்மா, இவருக்குக் கால் வலிக்காதா?” என்றாள். நியாயமான கேள்வி. யாரோ நம் வேடிக்கைக்காகத் தன் முகத்தை வாடகைக்கு விட்டிருக்கிறார். அவர் வலியும் வலிதான். ஆனால் ஷிப்ட் முடிந்தால் அவர் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுச் சிரிக்கலாம்.

அந்த இடத்தில்தான், ஒரு திண்டில் உட்கார்ந்து, நான் கேட்காமலே அம்மா பேசினாள்.

“அன்னிக்கி பஸ்ஸுல நான் பாத்தேன்டி.”

“தெரியும்மா.”

“கத்தணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. உங்க பெரியப்பா ரெண்டு ஆள் தள்ளி நிக்கிறாரு. கத்துனா அவன அடிப்பாங்க, சரி. மறுநாளு உன்ன ஸ்கூல விட்டு நிறுத்துவாங்க. ரயில்ல போயி என்னா படிப்புன்னு ஏற்கெனவே பேசிக்கினு இருந்தாங்க. அதான் வாயத் தெறக்கல.” கொஞ்ச நேரம் கழித்து, “அவனுக்காவது மாசம் சம்பளம். எனக்கு நீ படிச்சி முடிச்சதுதான்” என்றாள்.

நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. என் படிப்புக்கு அப்பாவின் ஓவர்டைம் காசும் அம்மாவின் தையல் காசும் செலவானது எனக்குத் தெரியும். ஒரு மௌனமும் செலவானது அன்றுதான் தெரிந்தது.

இதை அம்மாவின் தியாகம் என்று எழுதி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. அவள் அன்று கண நேரத்தில் போட்ட கணக்கு சரியான கணக்கு. எங்கள் வீட்டை நான் அறிவேன், நிச்சயம் படிப்பை நிறுத்தியிருப்பார்கள். ஆனால் அந்த மௌனத்துக்கு நானும் விலை கொடுத்தேன். எத்தனையோ இரவுகள் நான்தான் காரணமோ என்று உழன்றேன். தன் மகளைக் காப்பாற்ற ஒரு தாய்க்கு இரண்டே வழி கொடுத்து, இரண்டிலும் மகளே தண்டனை அனுபவிக்கும்படி வைத்திருந்தது யார்? பஸ்ஸில் கை நீட்டியவன் மட்டுமில்லை. “பொம்பளையா லட்சணமா இரு” என்ற குரலும் அதில் உண்டு. அந்தக் குரலுக்குப் பயந்துதான் அத்தை சிரிப்பை விழுங்கினாள், அம்மா கூச்சலை விழுங்கினாள். அடக்கம் என்று நமக்குச் சொல்லித் தருவதில் பாதி, அந்தக் குரலுக்கு வேலை வைக்காமல் நிற்கும் பயிற்சிதான்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. “என்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம்மா, நீ தப்பு பண்ணலன்னு ஒரே ஒரு வார்த்தை” என்று மட்டும் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு யாரும் அப்பிடிச் சொன்னதில்லடி. சொல்லலாம்னே தெரியாது” என்றாள். அவளுக்கும் ஏதோ ஒரு பஸ் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. அவளாகச் சொல்லும் நாளுக்குக் காத்திருக்கிறேன்.

பிறகு கடலுக்குப் போனோம். அத்தை புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, “வாங்க அண்ணி” என்று அம்மாவை இழுத்தாள். ஒரு பெரிய அலை வந்து இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டது. அத்தை சிரித்தாள். அதே பழைய சிரிப்பு, ஐம்பது வயதில். இந்த முறை பாதியில் நிற்கவில்லை. புடவை ஒட்டிக்கொண்டது. சிலர் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போனார்கள்.

திரும்பும் வழியில் மகளிடம் நடந்ததைச் சொன்னேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. கேட்டுவிட்டு, “நான் கத்துவேன்” என்றாள். “கத்து. வாய் வரலைன்னாலும் பரவால்ல, அதுக்கும் நீ காரணமில்ல. வீட்டுக்கு வந்து சொல்லு. யாரும் ஸ்கூலை நிறுத்த மாட்டாங்க” என்றேன். பக்கத்துச் சீட்டில் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி தலையாட்டினாள்.

ரயில் அத்திப்பட்டைத் தாண்டும்போது புகைபோக்கிகள் தெரிந்தன. அந்தப் பக்கத்து ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். நாள் முழுக்க நனைந்து நிற்பவர்கள். அவர்களை வைத்து யாரும் பாட்டு எடுக்கவில்லை. அவர்களிடம் நனையாதே என்று யாரும் சொன்னதுமில்லை.

“அடுத்த வாரம் பழவேற்காடு போலாமா?” என்றாள் அம்மா. “நம்ம கடல நான் ஒழுங்கா பாத்ததே இல்ல.”