ஜோசி அலிபிராண்டியைப் படித்துவிட்டுப் பேசுங்கள்



சிட்னியில் அக்டோபர் என்றால் பன்னிரண்டாம் வகுப்பின் எச்.எஸ்.சி. தேர்வு. தமிழ் வீடுகளில் மதிப்பெண்ணைத் தவிர வேறு பேச்சு இருக்காது. அந்த வீடுகளின் பெற்றோருக்கு நான் சிபாரிசு செய்வது ஒரு நாவல்: மெலினா மர்ச்செட்டாவின் 'லுக்கிங் ஃபார் அலிபிராண்டி'. 1992இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியச் சிறார் நூல் மன்றத்தின் விருது பெற்றது. 2000இல் படமானபோது திரைக்கதையும் மர்ச்செட்டாதான்.

நாயகி ஜோசிக்கு 17 வயது. இத்தாலியக் குடும்பம். உதவித்தொகையில் பணக்காரக் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கிறாள். அம்மா கிறிஸ்டினா பள்ளி வயதில், கல்யாணமாகாமலே அவளைப் பெற்றவள். ஊர் வாய்க்கு அது போதாதா? பாட்டியோ அதைவிடப் பெரிய ரகசியத்தை மனசுக்குள் பூட்டி வைத்திருக்கிறாள். இத்தனை வருடம் எட்டிப் பார்க்காத அப்பா மைக்கேல், வழக்கறிஞர், அவளுடைய தேர்வு ஆண்டில் அடிலெய்டிலிருந்து வந்து சேர்கிறார்.

வகுப்பில் ஒருத்தி இனத்தைச் சொல்லி இழிவாகப் பேச, ஜோசி பாடப் புத்தகத்தாலேயே ஓங்கி அறைகிறாள். மூக்கு உடைகிறது. அந்தப் பெண்ணின் அப்பா செல்வாக்கானவர். வழக்குப் போடுவேன் என்று குதிக்கிறார். ஜோசி போன் போடுவது அம்மாவுக்கல்ல, ஒட்டும் உறவும் வேண்டாமென்று ஒதுக்கிய அப்பாவுக்கு. அவரும் வந்து நிற்கிறார். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே படித்தேன்; அதற்குள் இருவரும் அப்பாவும் மகளுமாகியிருந்தார்கள். கட்டிக்கொண்டு அழவைத்திருந்தால் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்.

குடும்பமே கூடி வருடத்துக்கான தக்காளி சாஸ் காய்ச்சிப் புட்டியில் அடைக்கும் நாளில், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூசுகிறாள் ஜோசி. மதிய டப்பாவில் இட்லி வேண்டாமென்று அடம்பிடிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கூச்சத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மோட்டார் சைக்கிளில் வரும் ஜேக்கப் கூட் மேல் காதலும் உண்டு. ஆனால் வீட்டுச் சிக்கலைத் தீர்க்கும் வேலையை மர்ச்செட்டா அந்தக் காதலிடம் கொடுக்கவில்லை. கடைசியில் அவன் பிரிந்து போகிறான்.

என்னை உலுக்கியது ஜோசியின் நண்பன் ஜான் பார்ட்டன். அரசியல்வாதியின் மகன், படிப்பில் கெட்டி, குறையென்று எதுவும் வெளியே தெரியாதவன். தேர்வு வேளையில் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அதுவரை நம்மைச் சிரிக்கவைத்த ஜோசிக்கு அங்கே பேச்சு வரவில்லை. அவள் அவ்வளவு சிரிக்கவைத்திருந்ததால்தான் அந்த மௌனம் அப்படி வலிக்கிறது.

பிள்ளைகளிடம் கொடுக்குமுன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். ஜானைப் பற்றி அவர்களாகப் பேச்செடுத்தால், அன்றைக்குக் கணக்குப் பாடத்தை ஒத்திவையுங்கள்.