மாத்திரையும் மணிக்கணக்கும்

தில்லியில் வாழும் எங்களுக்கு, மகனின் அலைபாயும் மனமே பெருங்கவலை. ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைபாட்டிற்கு அவன் ஐந்தாம் வகுப்பிலிருந்து மீதைல்பெனிடேட் மாத்திரை உண்டுவருகிறான். ஈராண்டுகள் நற்பலன் கண்டோம். ஏழாம் வகுப்பில் பழைய புகார்கள் திரும்பின. அண்டை வீட்டார் 'அளவைக் கூட்டுங்கள்' என்றனர். ஊரிலிருந்து பாட்டியார் 'அறவே நிறுத்துங்கள்' என்றார்.

நாங்கள் இரண்டையும் செய்யவில்லை. அலுவலகக் கோப்பைப் போல இரு வாரங்கள் குறிப்பெழுதினோம். மாத்திரை உண்ட நேரம், உணவு, உறக்கம், ஆசிரியர் கூற்று யாவும் அதில் ஏறின. உண்மை புலப்பட்டது. அவ்வகை மாத்திரையின் ஆற்றல் ஏறத்தாழ 4 மணி நேரமே. காலை 7 மணிக்கு உண்டது 11 மணியளவில் ஓய்ந்துவிடும். அதன்பின் வரும் பாடவேளைகளில் அன்று ஓவியமும் விளையாட்டும். இன்றோ கணிதமும் அறிவியலும். பிள்ளை வளர்ந்திருந்தான், உறக்கமோ குறைந்திருந்தது.

குறிப்பைப் படித்த மருத்துவர், எடையும் இரத்த அழுத்தமும் பார்த்து, நீண்ட நேரம் செயற்படும் மாத்திரைக்கு மாற்றினார். இரவு 9 மணிக்கு விளக்கணைக்கிறோம். சில மாலைகள் இன்னும் கடினமே. ஆயினும், மருந்து தோற்றது என்று முடிவு கட்டுமுன், மாறிவிட்ட பிள்ளையையும் அவன் நாளையும் உற்று நோக்குதல் பெற்றோர் கடமையாம்.