பாரமும் சுமையும்

சென்ற ஆடியில் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வீட்டுக்கு வந்தார். பத்து வருஷப் பழக்கம். கோர்வைப் புடவைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடா போட்டுக்கொண்டிருந்த பையன் ஒரகடத்தில் வேலைக்குப் போய்விட்டான். கூலிக்கு ஆள் வைக்க முன்பணம் வேண்டும். 'அவங்கவங்க சுமை அவங்கவங்களுக்கு' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தெருக்கோடி திரும்பிய பிறகுதான் அது பவுலிடமிருந்து கடன் வாங்கியது, அதுவும் பாதிதான் என்று உறைத்தது. மில்டனுக்காக விவிலியம் புரட்டிய கல்லூரி நாட்களின் மிச்சம்.

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரம். இரண்டாம் வசனத்தில் ஒருவர் மற்றவருடையதைச் சுமக்க வேண்டும். ஐந்தாம் வசனத்தில் அவரவர் தம்முடையதைச் சுமப்பார்கள். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வந்த தமிழ்த் திருப்புதலில் இரண்டு இடத்திலும் 'பாரம்'. மூன்று வசனங்களுக்குள் மனிதர் பேச்சு மாறிவிட்டாரா?

மாறவில்லை. கிரேக்கத்தில் இரண்டு வேறு சொற்கள். முதலாவது 'பாரொஸ்': எடை, ஆளை அழுத்துவது. பாரோமீட்டரில் இருப்பது இதுதான். இரண்டாவது 'ஃபொர்தியோன்': ஒருவன் தூக்கிப்போக வேண்டிய அவனுடைய பங்கு. கப்பல் சரக்கும் இந்த வேரில் பிறந்ததே. பவர் குழுவினரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. லத்தீன் விவிலியத்திலும் இரண்டு இடத்தில் ஒரே சொல். 1611 ஆங்கிலத்திலும் அப்படியே. 1946இல் வந்த திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடுதான் பிரித்தது. ஆனால் தமிழ்க்காரர்கள் கையில் இன்னொரு சொல் தயாராக இருந்தது. மத்தேயு 11:30இல் இதே 'ஃபொர்தியோன்' 'சுமை'யாகத்தான் வருகிறது. 23:4இல் பாரம், சுமை இரண்டுமே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

வேடிக்கை இன்னும் இருக்கிறது. பாரொஸ், பாரம் என்று காது ஒட்டவைத்துவிடும், உறவே கிடையாது. நம் 'பாரம்' சமஸ்கிருதத்து வரவு, தாங்குதல் என்னும் தாதுவில் பிறந்தது. அதன் கிரேக்கத் தாயாதி ஃபொர்தியோன்தான். ஆங்கிலத்தின் 'பர்டன்' அதே குடும்பம். பாரொஸின் சொந்தமோ 'குரு', கனமானது என்ற ஆதி அர்த்தத்தில். ஆக வம்சாவளிப்படி பாரம் உட்கார வேண்டிய இடம் ஐந்தாம் வசனம். இரண்டாவதற்கு எனக்குத் தோன்றும் சொல் 'பொறை'. எடையும் அதுதான், பொறுத்தலும் அதுதான். மொழிபெயர்ப்பாளன் இதற்கு மேல் என்ன கேட்பான்? (கேட்டிருந்தால் சபையில் யாருக்கும் புரிந்திராது என்பதும் உண்மை.)

இதையெல்லாம் அகராதிகளோடு இரண்டு ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடித்தபோது உற்சாகமாகத்தான் இருந்தது. தறிக்காரருக்குப் பாவும் உடலும் அவருடைய சுமை. அதை இறக்கிவைக்க அவர் வரவில்லை. இந்தப்பக்கம் இருந்துகொண்டே எதிர்ப்பக்கத்துக் கரையை ஓட்ட அவருக்குக் கை எட்டாது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் வங்கி கவுண்டரில் பாஸ் புத்தகத்தை நீட்டினார். கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். 'வேணாம் சார், மச்சான் போட்டுட்டார்' என்றார். பிறகு, பின்னால் வரிசை நிற்பதைப் பார்த்துவிட்டு, 'வட்டி வரவு வெச்சாச்சா பாருங்க' என்றார். பார்த்துச் சொன்னேன்.