சும்மா ஊர் பார்க்க

பள்ளிக்கூடத்தில் அப்போது தமிழ் இரண்டாம் தாளில் தவறாமல் வந்த கட்டுரை ஒன்று உண்டு: 'நான் சென்ற இன்பச் சுற்றுலா'. எங்கள் சேரியிலிருந்து படிக்கப் போன பிள்ளைகள் அத்தனை பேரும் மாமல்லபுரம் போய்வந்ததாகத்தான் எழுதினோம். முன்னுரை, புறப்பாடு, வழியில் கண்டவை, சிற்பங்கள், முடிவுரை. ஏறாத பஸ்ஸில் ஏறி, தின்னாத புளிச்சோற்றைத் தின்று, பார்க்காத கடலைப் பார்த்து மகிழ்ந்ததாக முடிப்போம். நோட்ஸில் இருந்ததை அப்படியே எழுதினால் பத்துக்கு எட்டு. திண்டிவனத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனாலும் எங்கள் தெருவில் அந்தக் கோயிலைப் பார்த்த ஆள் ஒருத்தர்கூட அப்போது கிடையாது.

அதற்காக எங்க சனம் பயணம் போகாத சனம் என்று சொல்லிவிட முடியாது. நெல்லறுக்கப் போனார்கள். கரும்பு வெட்டப் போனார்கள். செங்கல் சூளைக்குச் சட்டிபானை, கைக்குழந்தை, கோழி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஆறு மாசம் போனார்கள். அதற்கு முந்தின தலைமுறை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் கோலார் தங்கச் சுரங்கத்துக்கும் போனது. ஊரில் ஒரு பெரிய சாவு விழுந்தால் பத்து ஊருக்கு நடந்துபோய்ச் சேதி சொன்னதும் எங்க ஆட்கள்தான். பிழைக்கப் போனது, ஏவினதால் போனது, இந்த முப்பது நாற்பது வருஷமாக மாநாட்டுக்கு லாரி ஏறிப் போனது. இந்த மூன்றும் உண்டு. சும்மா ஊர் பார்க்கப் போனது மட்டும் இல்லை.

எம்.ஏ. தமிழில் பத்துப்பாட்டு பாடம். பத்தில் ஐந்து ஆற்றுப்படை. திருமுருகாற்றுப்படையைத் தள்ளிவைத்தால் மற்ற நான்கும் பசித்த கலைஞர்கள் சுற்றத்தைக் கூட்டிக்கொண்டு வள்ளலைத் தேடிப் போகிற வழிதான். சிறுபாணாற்றுப்படையில் வரும் கிடங்கில் எங்கள் திண்டிவனத்தில்தான் இருக்கிறது. குப்பைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அடுத்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு தின்ற குடும்பம் அந்தப் பாட்டில் வருகிறது. வகுப்பில் யாழின் வருணனையை மூன்று நாள் நடத்தினார்கள். வயிறு நிரம்பியிருந்தால் பாணன் அந்த வழியில் நடந்திருப்பானா என்ற பேச்சே எழவில்லை. பசியில்லாமல் நடக்கிற உரிமை பற்றி நம் இலக்கியத்தில் நமக்கு ஒன்றும் எழுதிவைக்கப்படவில்லை.

இதையெல்லாம் இப்போது நினைக்கக் காரணம் என் மகள். போன வருஷம் பன்னிரண்டாவது எழுதினாள். கல்லூரி திறந்ததும் விடுதிக்குப் போகவேண்டும். விடுதிக்குப் போன பிள்ளை திரும்பி வராமல் போகாது. ஆனால் பொங்கலுக்கு நாலு நாள், தேர்தலுக்கு ஒரு நாள் என்று விருந்தாளி மாதிரி வரும். அப்புறம் பரீட்சைக்குப் படிக்க சென்னை, அப்புறம் வேலை, கல்யாணம். எங்கள் தெருவில் படித்து வெளியே போனவர்கள் யாரும் திரும்பி வந்து குடியிருக்கவில்லை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கிராமம் என்பது என்ன என்று 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். பிள்ளைகள் போகட்டும் என்றுதான் நாமும் படிக்க வைக்கிறோம். போவதற்கு முன்னால் நாங்கள் ஐந்து பேரும், அதாவது நான், வீட்டுக்காரர், மகள், மகன், என் அம்மா, நாலு நாள் எங்கேயாவது போய்வர வேண்டும் என்று எனக்கு ஆசை. கொடி கட்டாத பயணம்.

இதைச் சொன்னதும் தோழர் ஒருவர், "வழக்கு வாய்தா கெடக்குது, பட்டா மனு கெடக்குது, ஒங்களுக்கு இன்பச் சுற்றுலா கேக்குதா தோழர்?" என்றார். அவருக்குப் பதிலாக அம்பேத்கரின் இரண்டு பயணங்களைச் சொன்னேன். இரண்டையும் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் அவரே எழுதியிருக்கிறார்.

முதலாவது 1901இல். சிறுவன் பீமுக்கு அப்போது பத்து வயசு. அம்மா இல்லை. அப்பா கோரேகானில் காசாளர் வேலையில் இருந்தார். கோடை விடுமுறைக்கு வாருங்கள் என்று கடிதம் எழுதினார். அண்ணன், அக்கா பிள்ளைகள் என்று சிறுவர்கள் புதுச் சட்டை, பளபளக்கும் குல்லாய், புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி எல்லாம் போட்டுக்கொண்டு சதாராவில் ரயில் ஏறி மசூரில் இறங்கினார்கள். கடிதம் அப்பாவிடம் போய்ச்சேராததால் அழைத்துப்போக ஆள் வரவில்லை. மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறியது. மாட்டுவண்டிக்காரர்கள் எவரும் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டவேண்டும், வண்டிக்காரன் கூட நடந்து வருவான் என்று ஏற்பாடு. கூடையில் சோறு இருந்தது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தண்ணீர் இல்லாததால் சோறும் இறங்கவில்லை. இரவு முழுக்கப் பசியோடு கிடந்தார்கள். அந்தக் கதையைத் தீண்டாமைக்குச் சாட்சியாக நாம் எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறோம். இந்த முறை படிக்கும்போது என் கண் புதுக் குல்லாயில் போய் நின்றுவிட்டது. லீவுக்கு அப்பாவைப் பார்க்கப் போகிற பிள்ளைகளின் குதூகலம். பறிபோனது தண்ணீர் மட்டுமா?

இரண்டாவது 1934இல். இயக்கத்தில் கூட வேலைசெய்தவர்கள் ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டு, நீங்களும் வந்தால் போகலாம் என்றார்கள். அவர் ஒத்துக்கொண்டார். எது விட்டாலும் வேரூல் பௌத்தக் குகைகளை விடக்கூடாது என்று முடிவானது. அதைத்தான் இன்று எல்லோரா என்கிறோம். வழியில் தௌலதாபாத் கோட்டைக் குளத்தில் கைகால் கழுவியதற்கு அங்கிருந்த முஸ்லிம்கள் கூடித் தகராறு செய்தார்கள். உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, கூடவே ஆயுதம் ஏந்திய சிப்பாயும் வரத்தான் கோட்டையைப் பார்க்க முடிந்தது. இதற்கு ஏழு வருஷம் முன்பே, 1927 மார்ச் 20இல் மகாடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தவர் அவர். அவ்வளவு போராட்டத்துக்கு நடுவிலும் 'சும்மா பார்த்துவிட்டு வருவோம்' என்று தோழர்கள் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. தோழர் அதற்குமேல் பேசவில்லை.

எங்கே போவது என்பதில் வீட்டில் பெரிய சண்டை. நான் வெண்மணி என்றேன். 1968 டிசம்பர் 25இல் 44 பேரை வைத்து எரித்த மண்ணைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா? வீட்டுக்காரர் மேலவளவு என்றார். மகள் கேட்டாள்: "ஏம்மா, நாம எங்க போனாலும் யாராவது செத்த எடத்துக்குத்தான் போவணுமா? மத்தவங்கல்லாம் ஊட்டிக்குப் போறாங்க. நாம மட்டும் நினைவுத்தூணா பாத்துக்கினு வரணுமா?" மகன் குறுக்கே புகுந்து, "மெட்ரோவுல ஏறணும், அவ்ளோதான்" என்றான்.

மகள் கேட்டது விளையாட்டுப் பேச்சு இல்லை. அவள் பிறந்ததிலிருந்து என் இடுப்பில் உட்கார்ந்து கண்டனக் கூட்டங்களுக்கு வந்தவள். உண்மை அறியும் குழுவோடு எரிந்த குடிசைகளைப் பார்த்தவள். நினைவைக் கொடுப்பது நம் கடமைதான். ஆனால் நினைவு என்றாலே சாவு என்று ஒரு பிள்ளை மனசில் படிந்துவிட்டால், எரித்தவன் எழுதின சரித்திரத்தைத்தான் அதுவும் படிக்கிறது என்று பொருள். நாம் வாழ்ந்த இடம் ஒன்றைக் காட்டவேண்டும். அதோடு எந்தப் பாடமும் இல்லாத இடம் ஒன்றையும் காட்டவேண்டும்.

அப்படித்தான் கோலார் வந்தது. அம்மாவுடைய அப்பா குடியாத்தம் பக்கத்து ஆள். சுரங்கத்தில் வேலை பார்த்தார். அம்மா பிறந்தது சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில். அவருக்குப் பதினோரு வயசாக இருக்கும்போது தாத்தா நெஞ்சு நிறையத் தூசியோடும் இருமலோடும் ஊர் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அம்மா அந்தப் பக்கமே போகவில்லை. "அங்க இன்னா கீது? மண்ணுதான் கீது" என்றார். மகனுக்கு கே.ஜி.எஃப். என்றால் 2018இல் வந்த கன்னடப் படம். மகளுக்கு 2024இல் வந்த 'தங்கலான்'. "ஆயா, நீ பொறந்த ஊரு சினிமாவுல வந்த ஊரா!" என்று இரண்டும் ஆயாவைப் பிடித்துக்கொண்டன. அம்மாவால் மறுக்க முடியவில்லை. இரண்டு நாள் கோலார், இரண்டு நாள் பெங்களூர் என்று முடிவானது.

திட்டம் போடுவது சின்ன வேலை இல்லை. மகளிர் குழுவில் மாசம் 500 வீதம் பன்னிரண்டு மாசம் நான் சேர்த்தது 6,000. வீட்டுக்காரர் பங்கு 4,000. இதற்குள் ஐந்து பேர். விழுப்புரத்தில் ஏறித் திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, அங்கிருந்து பங்காருபேட்டை, அங்கிருந்து மாரிக்குப்பம். எல்லாம் சாதாரண டிக்கெட். கோலாரில் ஒரு தோழர் வீட்டில் தங்கல், பெங்களூரில் அறை. அறை என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கும். பத்து வருஷத்துக்கு முன் ஒரு கோயில் ஊரில், வேனில் கட்டியிருந்த நீலக்கொடியைப் பார்த்ததும் காலியாயிருந்த அறைகளெல்லாம் நிரம்பிவிட்டன. மற்றவர்கள் சுற்றுலாவுக்குத் திட்டம் போடும்போது எந்த ஓட்டலில் தோசை நல்லாயிருக்கும் என்று விசாரிப்பார்கள். யார் வீட்டில் தண்ணீர் கேட்கலாம் என்பதையும் சேர்த்து விசாரித்துக்கொள்ள வேண்டியது நமக்குத்தான்.

இன்னொரு சட்டமும் போட்டேன். கட்டுச்சோறு கிடையாது. குடும்பத்தோடு எங்கே போனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளி கரைக்கிறவள் பெண்தான். அவளுக்கு மட்டும் அது பயணம் இல்லை, அடுப்பை இடம் மாற்றுகிற வேலை. "நாலு நாளைக்கு நானும் அம்மாவும் கரண்டி தொடமாட்டோம்" என்றேன். வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் ரயிலில் இட்லி வாங்கி ஐந்து பொட்டலமாகப் பிரித்தது அவர்தான். ஜன்னலோரம் அம்மாவுக்கு என்பதும் சட்டம். குடியாத்தம் தாண்டும்போது கண்ணை எடுக்காமல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

கோலாரை என்னவென்று சொல்வது? 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28இல் மூடிவிட்டார்கள். சாம்பியன் ரீஃபில் நம் ஆட்கள் தரைக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். எடுத்த தங்கம் எங்கோ போனது. பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்த சைனைடு மண் மட்டும் மலை மலையாக அங்கேயே கிடக்கிறது. அதே ஊரில்தான் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் கிளை விட்டது. 1907இல் அவர் தொடங்கிய 'தமிழன்' நின்றுபோனபின், 1926இல் அப்பாதுரையார் அதை மறுபடி கொண்டுவந்ததும் கோலாரிலிருந்துதான். பூமிக்கடியில் இறங்கிவிட்டு மேலே வந்து பத்திரிகை படித்த, பஞ்சசீலம் சொன்ன ஆட்கள். மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்ப இது செத்த எடம் இல்ல" என்றாள்.

லைன் வீடுகளில் அம்மா எங்களுக்கு முன்னால் நடந்தார். மூன்றாவது வரிசையில் நின்று, "இதுவாத்தான் இருக்கும்" என்றார். உள்ளேயிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். நாங்கள் வாய் திறப்பதற்குள், "வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வாங்க, தண்ணி குடிங்க" என்றார். செம்பு கைமாறிக் கைமாறி வந்தது. யார், எந்த ஊர், எந்தத் தெரு என்ற கேள்வி வரவே இல்லை. அம்மா பிறந்த வீடு என்று பிறகுதான் சொன்னோம். அன்றைக்கு அந்தத் திண்ணையில் அம்மா பேசினதை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. ஷிப்டு மாறும்போது ஊதுகிற சங்கு. பூமிக்குள் பாறை வெடித்தால் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் அதிரும், பெண்கள் தலையை முடியாமல் சுரங்க வாய்க்கு ஓடுவார்கள் என்பது. சம்பள நாளில் தாத்தா வாங்கிவரும் பொட்டலம். மகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். யாரும் எழுதச் சொல்லவில்லை.

மறுநாள் பெங்களூர். லால்பாக்கில் மரத்தடியில் படுத்துக்கிடந்தோம். மகன் மெட்ரோவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஏறி இறங்கினான். எதையும் கற்றுக்கொள்ளவில்லை, யாருக்கும் அஞ்சலி செலுத்தவில்லை. அம்மா புல்லில் காலை நீட்டிக்கொண்டு, "இப்பிடி வேல இல்லாம குந்திக்கினு இருந்ததே இல்லடி" என்றார். அறுபது வயசைத் தாண்டிய உழைப்பாளி முதல்முறையாகச் சும்மா உட்கார்ந்த நாள் அது. நிலத்துக்கும் கூலிக்கும் மட்டுமில்லை, இந்த ஓய்வுக்கும் நமக்குப் பாக்கி உண்டு.

தோழர்களுக்கு ஒரு யோசனை. பிள்ளை பத்தாவது முடிப்பதற்குள் ஒன்று, பன்னிரண்டாவது முடிப்பதற்குள் ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வயசானவர் பிழைத்த ஊர் ஒன்று கட்டாயம் இருக்கும். அது சூளையோ தோட்டமோ சுரங்கமோ, அவர் நடக்கிற காலத்திலேயே அவரை முன்னால் விட்டுக் கூட்டிப்போங்கள். அதோடு கடலோ மலையோ, ஒரு பிரயோசனமும் இல்லாத ஓர் இடம். நாலைந்து குடும்பம் குழுவில் சேர்த்தால் வேன் செலவு கட்டும். பெண்களைச் சமைக்க விடாதீர்கள். எங்கள் தெருவில் ஆறு குடும்பம் இந்த மாசத்திலிருந்து சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். மே மாசம், மகளுக்கு விடுதி லீவு விட்டதும், தரங்கம்பாடிக் கடல். கூடவே வெண்மணி. அதை இந்த முறை மகளே சேர்த்திருக்கிறாள்.