டெட்ரா பாக்கெட்டில் வந்த ‘ஓஆர்எஸ்’

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் மெடிக்கலுக்கு ஓடி, “ஓஆர்எஸ் குடுங்கண்ணா” என்போம். பழப் படம் போட்ட டெட்ரா பாக்கெட் ஒன்றை நீட்டுவார்கள். பிள்ளையும் மடமடவென்று குடித்துவிடும். குடிக்காதா பின்னே, அத்தனை இனிப்பு!

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஓஆர்எஸ்ஸில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும். அந்த விகிதம்தான் மருந்தே. குடலில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்துதான் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். சர்க்கரை மிஞ்சினால் எல்லாம் தலைகீழ். உடம்பிலிருக்கும் நீரைக் குடலுக்குள் இழுத்து, போக்கை இன்னும் கூட்டிவிடும்.

ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ், இப்படிப்பட்ட இனிப்புப் பானங்களை ஓஆர்எஸ் என்று விற்பதை எதிர்த்து எட்டு வருடம் போராடினார். 2025 அக்டோபர் 14 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, இந்தப் பானங்களின் பெயரில் ‘ஓஆர்எஸ்’ வரவே கூடாது என்றது. ‘இது உலக சுகாதார நிறுவன ஃபார்முலா அல்ல’ என்று ஒரு வரி அச்சடித்தால் போதும் என 2022இல் அனுமதித்ததும் இவர்களேதான். துவண்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எந்த அம்மா அதைப் படிப்பாள்?

பவுடர் பாக்கெட்டாகவே கேட்டு வாங்குங்கள். அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பவுடரையும் கரையுங்கள்.